மூன்றாவது வயர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதில் ஒரு திருத்தம் உண்டு. மூக்கில் ஏறி உட்காரும் அளவுக்கு என் கோபத்துக்குப் பொறுமை கிடையாது, நேரே வாய்க்கு வந்துவிடும். போன மாசியில் அது என்னை ஒரு வெங்காயத் தோட்டத்துக்கு ஒரே நாளில் இரண்டு தடவை ஓடவைத்தது. மறுநாள் மூன்றாவது தடவையும் போனேன். அந்த மூன்று பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்பிட்டி வீதியோரம் எங்களுக்கு ஒரு மோட்டர் திருத்தும் கடை இருக்கிறது. எரிந்த மோட்டர்களுக்கு அவர் புதிதாகக் கம்பி சுற்றுவார். நான் அளப்பேன். தோட்டம், இறால் பண்ணை, ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் தங்கும் விடுதி என்று எங்கே மோட்டர் நின்றாலும், ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவது நான்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் என் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஆரம்பத்தில் தோட்டக்காரர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பாஸ் எங்க, வரல்லயா?" என்று கேட்பார்கள். இப்போது 'கரண்ட் ராத்தா', அதாவது கரண்ட் அக்கா, என்று ஒரு பட்டம் தந்து பழகிவிட்டார்கள். என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

என் பெட்டிக்குள் இருப்பது மெகர். சாதாரண மீட்டரைக்கொண்டு கரண்ட் எங்கே வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம். மெகரின் வேலை வேறு. மோட்டருக்குள் சுற்றியிருக்கும் செப்புக் கம்பிக்கு மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். கம்பிக்குள் ஓடும் கரண்ட் மோட்டரின் உடம்புக்குப் பாயாமல் தடுப்பது அதுதான். அந்தப் பூச்சு எவ்வளவு விடாப்பிடியாகத் தடுக்கிறது என்று மெகர் அளக்கும். அதற்காக வீட்டுக் கரண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் கொடுத்துப் பார்க்கும். நல்ல மோட்டர் என்றால் நூறு, இருநூறு மெக ஓம் காட்டும். ஒரு மெக ஓம் என்பது பத்து இலட்சம் ஓம். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் அந்த மோட்டரை நம்பக் கூடாது. ஈரமணலில் வெறுங்காலோடு நிற்கும் தோட்டக்காரர் அதில் கை வைத்தால் கதை முடிந்துவிடும்.

ஆகவே என் சட்டம் கறாரானது. ஒன்றுக்குக் கீழே என்றால் பேச்சுக்கே இடமில்லை. "மோட்டர் மௌத்து, கழட்டிக் கடைக்கு அனுப்புங்க" என்பேன். மௌத்து என்றால் மரணம். என் கொப்பியில் அந்த மோட்டருக்கு எதிரே 'மௌ' என்று ஓர் எழுத்தைப் போடுவேன். சிலர் கெஞ்சுவார்கள், சிலர் கத்துவார்கள், நான் அசைய மாட்டேன். மீட்டர் பொய் சொல்லாது என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் வேலையெல்லாம் விடியற்காலைச் சுபஹுத் தொழுகையோடு தொடங்கிவிடும். தொழுதுவிட்டு வந்த கையோடு தோட்டத்து மோட்டரைப் போடுவார்கள். அது ஓடாவிட்டால் உடனே என் போன் அடிக்கும். ஒன்பது மணிக்கு மேல் மணல் காலைச் சுடும் என்பதால் நானும் விடியவே ஓடிப்போவேன். அளந்து, முடிவைச் சொல்லி, வெயிலுக்கு முன் கடைக்குத் திரும்பிப் பாணும் பருப்பும் சாப்பிடுவேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் ஒழுங்கு. சுறுசுறுப்பான பெண் என்று பெயரும் எடுத்திருந்தேன்.

அன்றைக்கும் அப்படித்தான் போன் வந்தது. ஆலங்குடாவுக்கு உள்ளே, கடற்கரையிலிருந்து அதிகம் தள்ளிப் போகாத ஒரு மணல் தோட்டம். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கிணற்றடியில் நின்றார். முக்காட்டின் மேல் ஒரு பழைய தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. அவருக்குப் பின்னால் வெங்காயப் பாத்திகள் பனியில் நனைந்து கிடந்தன. தாள்கள் நல்ல பச்சை. அடியில் வெங்காயம் பருக்கும் நேரம் அது. இந்த மணலில் அந்த நேரம் இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் அந்தப் போகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"ட்ரிப் சுவிட்ச் நிக்கிதில்ல தங்கச்சி," என்றார். "ஏழு தரம் போட்டுட்டன். போடப் போட விழுது." கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாக விழுந்து மோட்டரை நிறுத்துவது அந்தச் சுவிட்சின் வேலை.

"இதுக்கு முதல் விழுந்ததா?"

"ரெண்டு மூணு நாளா விடியக்குள்ள விழும். நேத்தும் அப்படித்தான். பொறகு வெயில் ஏறினதும் போட்டன், ஓடிச்சு."

நான் சிரித்துவிட்டேன். "வெயில் ஏறினா எழும்பி ஓடுறதுக்கு இதென்ன ஓணானா ராத்தா?"

அவர் சிரிக்கவில்லை. நான் போன் வெளிச்சத்தில் மோட்டரைப் பார்த்தேன். வயர்கள் சேரும் சிறிய பெட்டிக்கு மூடி இல்லை. மூடிக்குப் பதிலாக ஒரு பொலித்தீன் பையை ரப்பர் பட்டி போட்டுக் கட்டியிருந்தார். பக்கத்துக் குழாய் மூட்டிலிருந்து தண்ணீர் பூந்தூறலாக அடித்த தடம் தெரிந்தது. பையைக் கழற்றினேன். உள்ளே ஈரமாக மினுங்கியதே தவிர, வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கரண்டை நிறுத்தி வயர்களைக் கழற்றினேன். மெகரின் சிவப்பு வயரைச் சுற்றுக் கம்பியின் முனையில் பிடித்து, கறுப்பு வயரை மோட்டரின் உடம்பில் பிடித்து, பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருந்தேன்.

0.00.

ஒன்றுக்குக் கீழே என்றால் ஒரு கணக்கு. இதுவோ மொத்தமாக ஒன்றுமேயில்லை. திரும்பவும் அழுத்தினேன், அதே 0.00. கொப்பியை எடுத்து 'மௌ' என்று எழுதினேன்.

"மோட்டர் மௌத்து ராத்தா. கழட்டி அனுப்புங்க, புதுசாக் கம்பி சுத்தணும்."

"எத்தன நாளாகும்?"

"கடையில ஏற்கனவே மூணு மோட்டர் நிக்கிது. அஞ்சு நாள்."

அவர் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அதே நேரத்தில்தான் தண்ணீர் இறைப்பார்கள். யாராவது மனமிரங்கிக் குழாயை நீட்டித் தந்தாலும் நாலு பாத்திக்கு மேல் நனையாது. அவர் வாய்திறந்து சொல்லாமலே எனக்கு அது தெரியும்.

"அஞ்சு நாளைக்கு வெங்காயம் நிக்காது," என்றார். "இந்தக் காணி இந்த வருசம்தான் என்ட பேருக்கு உறுதி எழுதினது. முப்பது வருசம் மத்தவங்கட வெங்காயம் புடுங்கின கை இது. சொந்த மண்ணுல இதுதான் மொதல் போகம்."

"நான் என்ன செய்ய? மீட்டர் சொல்லுது."

"நீங்க பிழையாப் பாத்திருப்பீங்க. பத்து மணி வரைக்கும் பாருங்க, ஓடும். அது வரைக்கும் நான் இதக் கழட்ட மாட்டன்."

பிழையாகப் பார்த்தேன் என்று என்னிடம்! பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் சொல்லாத சொல். அதுவும் பொலித்தீன் பையால் மோட்டரை மூடியவர் சொல்கிறார். வாய் முந்திக்கொண்டது.

"உங்கட ஊர்ல இப்படித்தான் வெயிலுக்குக் காட்டி மோட்டர் பாப்பாங்களா?"

அவர் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்திருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில் அங்கிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களில் ஒன்று. அப்போது அவருக்குப் பத்து வயது இருந்திருக்கும். நான் சொன்னது அவருக்கு எங்கே போய்ப் பட்டது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"எங்கட ஊரும் இதுதான் தங்கச்சி. முப்பத்தஞ்சு வருசமா."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் மற்றவர்கள் தலையைக் குனிவார்கள். எனக்கு அதுவும் கோபமாகத்தான் வெளியே வரும். "கழட்டின வயரத் தொட வேணாம், சுவிட்சப் போட வேணாம், செத்துப் போவீங்க" என்று கத்திவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.

கடையில் என் வீட்டுக்காரர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் பாணைப் பிய்த்த வேகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

"யாரோட சண்ட?"

நடந்ததைச் சொன்னேன். ஊரைப் பற்றிச் சொன்ன சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். அவரிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை.

"அப்ப அவ பத்து மணிக்குப் போடப் போறாவா?" என்றார்.

"போட மாட்டா. வயரக் கழட்டி வெச்சிட்டு வந்திருக்கன். பத்து மணிக்கு நானே போறன். அவட கண்ணுக்கு முன்னால அளந்து அந்த சைபரக் காட்டுறன். பொறகு வாய் தொறப்பாவா பாப்போம்."

"ஒரு பொம்புளய ஜெயிக்கிறதுக்கு இவ்வளவு பெற்றோலா?" என்று கேட்டுவிட்டு அவர் கம்பியைத் தொடர்ந்து சுற்றினார்.

பத்து மணிக்குப் போனேன். நல்ல வெயில். தென்னைகளுக்கு மேலே, அலைமேல் சறுக்கும் விடுதி வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் கடல் பக்கமாக மிதந்தன. அந்தப் பெண் கிணற்றடியில் மோட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விடியலிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். ஒரு வாளியால் கிணற்றில் அள்ளி முன்பாத்திகள் இரண்டை நனைத்திருந்தார். கை சிவந்து போயிருந்தது. என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவும் இல்லை.

மோட்டரின் பெட்டிக்குள் குனிந்து பார்த்தேன். காலையில் ஈரமாக மினுங்கிய இடமெல்லாம் இப்போது வெள்ளை வெளேரென்றிருந்தது. முனைகளைத் தாங்கும் பிளாஸ்டிக் பலகை முழுவதும் பொருக்குப் பொருக்காக உப்பு. கிணற்றுத் தண்ணீரின் உவரும் கடல்காற்றின் உப்பும் மாதக்கணக்காகப் படிந்தது. காலையில் பனி அதைக் கரைத்துவைத்திருந்ததால் வெறும் ஈரம்போலத் தெரிந்திருக்கிறது. சிவப்பையும் கறுப்பையும் பிடித்துப் பொத்தானை அழுத்தினேன்.

3.2.

காலையில் 0.00 காட்டிய அதே மோட்டர், அதே மீட்டர், அதே கை. திரும்ப அழுத்தினேன். 3.4. வெயில் ஏற ஏற இலக்கமும் ஏறிக்கொண்டிருந்தது. ஓணான் எழும்பிவிட்டது.

"என்ன காட்டுது?" என்றார் அவர்.

பொய் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. "மூணு," என்றேன். "ஒண்டுக்கு மேல."

"அப்ப ஓடுமா?"

"ஓடும். ஆனா நாளைக்கு விடிய திரும்ப விழும். ஏனெண்டு பாக்கணும்."

அவர் என் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கொக்கி உடைந்து இரண்டு வருடம் இருக்கும். மூடி திறந்துகொள்ளாமல் ஒரு பச்சை வயரால் இறுக்கிக் கட்டி வைப்பது என் வழக்கம். இப்போது அது அவிழ்ந்து மணலில் கிடந்தது. அவர் அதைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டினார். அதன் முனையிலும் மற்ற இரண்டு வயர்களைப் போலவே கிளிப் இருந்தது.

"இது என்னத்துக்கு?"

"அது பெட்டியக் கட்ட."

"பெட்டியக் கட்டவா இப்படி வாய் வெச்சுச் செஞ்சிருக்காங்க?"

நான் அந்தப் பச்சை வயரைப் பார்த்தபடி நின்றேன். மெகரோடு மூன்று வயர்கள் வரும். சிவப்பும் கறுப்பும் எல்லா வேலைக்கும் போதும் என்பதால் பச்சையை எவரும் தொடுவதில்லை. அது எதற்கென்று கல்லூரியில் ஒரே ஒரு பாடத்தில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். கல்யாண வீட்டில் முன்வாசலால் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணச் சொன்னால், பின்வேலியால் பாய்ந்து போகிறவர்களையும் சேர்த்து எண்ணிவிடுவது மெகரின் வழக்கம். பச்சை வயரைப் பின்வேலியில் வைத்தால் அந்தக் கூட்டத்தை அது தனியாகப் பிரித்துவிடும். முன்வாசல் கணக்கு மட்டும் இலக்கமாக வரும். இங்கே முன்வாசல் என்பது சுற்றுக் கம்பியின் பூச்சு. பின்வேலி அந்த உப்புப் பலகை.

ஒரு மெல்லிய செப்பு இழையை எடுத்து, முனைக்குக் கீழே பலகையைச் சுற்றிக் கட்டினேன். அதில் பச்சை வயரைப் பிடித்தேன். பொத்தானை அழுத்தினேன்.

210.

மோட்டருக்கு ஒரு நோயுமில்லை. கடையிலிருந்து நேற்று வந்ததுபோல் இருந்தது. கரண்டை வெளியே விட்டது ஒரு பிடி உப்பும் மாசிப் பனியும். 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று பாடசாலையில் பாடமாக்கியிருந்தேன். மச்சையே துளைக்கிற பனி ஒரு பொலித்தீன் பையைத் துளைக்காதா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தப் பச்சை வயரை விடியலிலேயே மாட்டியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

"ராத்தா," என்றேன். என் வாழ்க்கையில் நான் மிகக் குறைவாகச் சொன்ன வாக்கியம் அடுத்து வந்தது. "நான்தான் பிழை. நீங்க சொன்னதுதான் சரி."

அவர் பச்சை வயரைக் கழற்றி, ஒழுங்காகச் சுற்றி என் கையில் வைத்தார்.

"காலையில ஊரப் பத்திச் சொன்னதுக்கும் மாப்பு," என்றேன். மோட்டர் பிழையை ஒப்புக்கொள்வதைவிட இது கடினமாக இருந்தது.

"அத நீங்க இப்ப சொன்னீங்க. சொல்லாம எத்தன பேர் போயிருக்காங்க," என்றார். பிறகு, "இப்ப என்ன செய்யணும்?" என்று எழும்பினார்.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்புக்கு உப்பு சேர்ந்துவிடும். அவர் மரநிழலில் வைத்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது குடிக்கிற தண்ணீர், ஊருக்குள் தண்ணீர் சுத்திகரிக்கும் பில்டர் இருக்கும் இடத்திலிருந்து சைக்கிளில் கொண்டு வந்தது. அந்த வெயிலில் அதைத்தவிர அவருக்குக் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது. பாதியை மோட்டருக்கு ஊற்றினோம். பழைய பல் பிரஷால் பலகையைத் தேய்த்தேன், துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் தடவினேன். ஒரு மணித்தியாலம் வெயிலில் திறந்து விட்டோம். அதற்குள் அவர் ஒழுகும் குழாய் மூட்டை இறுக்கினார். நான் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, அதைப் பெட்டியின் வாயைச் சுற்றி வைத்து, ஒரு ஐஸ்கிரீம் டப்பா மூடியை அளவாக வெட்டி மேலே இறுக்கினேன். நிலத்தில் அறைந்த ஏர்த் கம்பியின் வயரும் தளர்ந்திருந்தது. அதையும் முறுக்கிப் பூட்டினேன். திரும்ப அளந்தபோது பச்சை வயர் இல்லாமலே 180 காட்டியது.

பகல் ஒரு மணிக்கு மோட்டர் ஓடியது. உச்சி வெயிலில் வெங்காயத்துக்குத் தண்ணீர் காட்டுகிற வழக்கமில்லை, ஆனாலும் அன்றைக்கு வேறு வழியில்லை. பாத்திகள் நனைந்தன. அவர் சந்தோசப்படுவார் என்று பார்த்தேன். அவர் ட்ரிப் சுவிட்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பகல். பகல்ல நேத்தும் ஓடிச்சு," என்றார். "நாளைக்கு சுபஹுக்குப் பொறகு?"

"வாறன்," என்றேன்.

அன்று பின்னேரம் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருடத்து 'மௌ' எழுத்துகள். திகதி இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, இலக்கம் இருக்கிறது. எத்தனை மணிக்கு அளந்தேன் என்று ஒன்றிலும் இல்லை. மார்கழி, தை, மாசித் திகதிகள் வந்த பக்கங்களில் அந்த எழுத்து நெருக்கமாக விழுந்திருந்தது. அவற்றில் உண்மையாகவே செத்தவை எவை, பனியில் நனைந்தவை எவை என்று இனி எவராலும் சொல்ல முடியாது. கம்பி சுற்றுகிறவர் வந்த மோட்டரை வெட்டிப் பிரித்துவிடுவார். பிரித்த பிறகு சாட்சி இல்லை.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அப்ப நீ சில ஆக்கள உயிரோடயே கபுறுக்குழியில வெச்சிருக்கா."

"நீங்கதானே கபுறு வெட்டினது. வெட்டக்குள்ள நல்ல கம்பியெண்டு தெரியல்லயா?"

"சிலதுல தெரிஞ்சிச்சு," என்றார் மெதுவாக. "நீ சொன்னா சொன்னதுதானே. யாரு கேக்குறது?"

அது எனக்கு வலித்தது. கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பச்சை வயரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உலகத்துல எல்லாரும் புடிச்ச முயலுக்கு நாலு கால், உன்ட முயலுக்கு மட்டும் எப்பவும் மூணு கால்," என்றார். "மெகருக்குத்தான் உண்மையா மூணு கால். அதுல நீ ரெண்டு எண்டு நிண்டிருக்கா." அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். பெட்டிக்கு அன்றைக்கே ஒரு புதுக் கொக்கி பூட்டித் தந்தார்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்பினேன். முந்திய நாளைவிடக் கடும் பனி. ஸ்கூட்டரை இரண்டு இடத்தில் நிறுத்தி ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தேன். மோட்டர் இன்றைக்கும் 0.00 காட்டினால் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம் வழியெல்லாம் கூடவே வந்தது. மீட்டருக்குப் பயந்து நான் ஒரு தோட்டத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். சுவிட்சைத் தொடவில்லை. ஐஸ்கிரீம் டப்பா மூடியின் மேல் பனி முத்து முத்தாக நின்றது. மூடியைத் திறந்தேன். டியூப் துண்டுக்கு உள்பக்கம் காய்ந்திருந்தது. விரலால் தடவினேன், ஈரம் ஒட்டவில்லை. வயர்களைக் கழற்றி, சிவப்பு, கறுப்பு என்று பிடித்துப் பொத்தானை அழுத்தினேன். ஒரு நிமிடம் முடியும் வரை விரலை எடுக்கவில்லை.

64.

"அறுவத்தி நாலு," என்றேன். "இந்தப் பனியில."

"நல்லமா?"

"நல்லம்."

வயர்களைத் திரும்பப் பூட்டி மூடியை இறுக்கினேன். நீங்களே போடுங்கள் என்று சுவிட்சைக் காட்டினேன். அவர் அசையவில்லை.

"நேத்து விடிய மௌத்தெண்டு சொன்னீங்க. பகல் நல்லமெண்டு சொன்னீங்க. இப்பயும் நல்லமெண்டு சொல்றீங்க. நீங்களே போடுங்க தங்கச்சி. செருப்பக் கழட்டிட்டு."

நியாயமான பேச்சு. பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் வெறுங்காலில் நிற்பதற்காக அளந்திருக்கிறேன். தடித்த அடிச் செருப்பில்லாமல் நான் ஒருநாளும் சுவிட்சில் கை வைத்ததில்லை. செருப்பைக் கழற்றினேன். ஈரமணல் ஐஸாகக் குளிர்ந்தது. கையை நீட்டினேன்.

அப்போது அவரும் செருப்பை உதறிவிட்டு வந்து, மோட்டரின் உடம்பில் உள்ளங்கையை வைத்தார்.

"ராத்தா, கைய எடுங்க!"

"ஏன்? நீங்கதானே நல்லமெண்டு சொன்னீங்க."

"சொன்னன். ஆனா கைய எடுங்க."

"எடுத்தா நான் நாளைக்கும் நம்ப மாட்டன், நாளையிண்டைக்கும் நம்ப மாட்டன். இனி நெடுகிலும் ஒவ்வொரு விடியலும் இதத் தொட்டு வேல செய்யப் போறது நான்தானே."

என் கை சுவிட்சில் நின்றது. அறுபத்து நாலு என்பது ஓர் இலக்கமாகத்தான் அதுவரை இருந்தது. இப்போது அந்த இலக்கத்தின் மேல் ஒரு மனுசியின் கை இருந்தது, முப்பது வருடம் மற்றவர்களின் வெங்காயம் பிடுங்கிய கை. என்னால் போட முடியவில்லை. "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, பச்சை வயரோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை அளந்தேன். ஏர்த் வயரை இழுத்துப் பார்த்தேன். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது டக்கென்று விழுகிறதா என்றும் பார்த்தேன். அவர் பொறுமையாக நின்றார். எல்லாம் சரியாக இருந்தது.

பிஸ்மி சொல்லிச் சுவிட்சைப் போட்டேன்.

மோட்டர் ஒரு தடவை உறுமியது, பிறகு சீராக ஓடியது. ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. அவர் கையை எடுக்காமல் அந்த அதிர்வை உணர்ந்துகொண்டு நின்றார். குழாய்களுக்குள் காற்று சீறியது. முதல் ஸ்பிரிங்க்ளர் இருமி இருமித் திரும்பியது, அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் எழும்பி வளைந்து விழுந்தது. கிணற்றடிக்குப் பக்கத்து ஸ்பிரிங்க்ளர் சுற்றி வந்து எங்கள் இருவரையும் ஒரு தடவை நனைத்துவிட்டுப் போனது.

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரை முக்காட்டால் துடைத்தார். உதட்டில் பட்டதை நாக்கால் தொட்டுப் பார்த்து, "உவர்," என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எங்கட ஊர்த் தண்ணி," என்றார்.

"ஓம் ராத்தா," என்றேன். "எங்கட ஊர்த் தண்ணிதான்."

கொப்பியை எடுத்தேன். பக்கம் கொஞ்சம் நனைந்திருந்தது. முந்திய நாள் போட்ட 'மௌ' எழுத்தின் மேல் ஒரு கோடு கீறினேன். அதற்குக் கீழே, இதுவரை எழுதாத மணியை முதலில் எழுதினேன்: காலை ஆறு பத்து, கடும் பனி, அறுபத்து நாலு, ஓடுகிறது.